கர்ப்ப காலத்தில் வைட்டமின்கள்: உணவில் கிடைப்பது எவ்வளவு, மாத்திரையில் பெற வேண்டியது எவ்வளவு?

புதுதில்லி: இந்தியாவில் கர்ப்பிணிகளில் பாதிக்கும் மேற்பட்டோர் ரத்தசோகையால் பாதிக்கப்பட்டுள்ளனர். 2019-21-ஆம் ஆண்டுகளில் நடத்தப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையிலான கர்ப்பிணிகளில் இவர்களின் விகிதம் 52.2 சதவீதம். அதற்கு முந்தைய ஆய்வில் அது 50.4 சதவீதமாக இருந்தது.

இதற்கான மாத்திரை அரசு மருத்துவ நிலையங்களில் பல ஆண்டுகளாக இலவசமாகவே வழங்கப்பட்டு வருகிறது. எனினும், இரும்புச்சத்து மற்றும் ஃபோலிக் அமில மாத்திரையைக் கர்ப்ப காலத்தில் 180 நாள்களுக்குக் குறையாமல் உட்கொண்டதாக அதே ஆய்வில் தெரிவித்த தாய்மார்கள் 26 சதவீதம் மட்டுமே. 100 நாள்கள் என்று அளவைத் தளர்த்தினாலும் விகிதம் 44.1 சதவீதத்தைத் தாண்டவில்லை. மாத்திரை கைக்கு வருவதற்கும் வாய்க்குப் போவதற்கும் இடையில் உள்ள இந்த இடைவெளிதான் சிக்கலின் மையம் எனலாம்.

கர்ப்பிணிக்குத் தேவையான வைட்டமின்களில் எவற்றை உணவிலிருந்தே பெறலாம், எவற்றுக்கு மாத்திரை கட்டாயம், எவை அளவு மீறினால் கருவுக்கே தீங்கு விளைவிக்கும் என்பன குறித்த விவரங்கள் வருமாறு:

முதல் 28 நாள்கள்

கருவின் மூளையும் தண்டுவடமும் நரம்புக்குழல் எனப்படும் ஒரு குழாய் வடிவ அமைப்பிலிருந்து உருவாகின்றன. கரு உண்டாகி ஏறத்தாழ 28 நாள்களுக்குள் இந்தக் குழல் மூடிக்கொள்ள வேண்டும். மூடாமல் போனால் முதுகெலும்புப் பிளவு, மூளை வளர்ச்சியின்மை போன்ற கடுமையான பிறவிக் குறைபாடுகள் ஏற்படும். மாதவிலக்கு தள்ளிப்போயிருப்பதைப் பெண் உணர்ந்து, பரிசோதித்து, மருத்துவரைச் சந்திப்பதற்குள் பெரும்பாலும் இந்த 28 நாள்கள் கடந்துவிடுகின்றன.

ஆகவேதான் ஃபோலிக் அமில மாத்திரையைக் கருத்தரித்த பிறகு அல்லாமல், கருத்தரிக்கத் திட்டமிடும்போதே தொடங்குமாறு மருத்துவர்கள் வலியுறுத்துகின்றனர். கருத்தரிப்பதற்கு முன்பும், கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களிலும் நாள்தோறும் 400 மைக்ரோகிராம் என்பது மத்திய சுகாதார அமைச்சகத்தின் பரிந்துரை.

இந்த வைட்டமினின் ஆற்றல் ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டது 1991-ஆம் ஆண்டில். நரம்புக்குழல் குறைபாடுள்ள குழந்தையை ஏற்கெனவே பெற்றிருந்த தாய்மார்களிடம் பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் குழு மேற்கொண்ட பன்னாட்டு ஆய்வில், நாள்தோறும் 4 மில்லிகிராம் ஃபோலிக் அமிலம் எடுத்துக்கொண்டவர்களிடம் அக்குறைபாடு மீண்டும் ஏற்படும் வாய்ப்பு 72 சதவீதம் குறைந்தது. முதல் குழந்தைக்கு இத்தகைய பாதிப்பு இருந்திருந்தால் அடுத்த கர்ப்பத்துக்கு இந்த உயர் அளவே பரிந்துரைக்கப்படுகிறது. வலிப்பு நோய்க்கு மருந்து உட்கொள்ளும் பெண்களும் அளவு குறித்து முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டறிவது அவசியம். சில வலிப்பு மருந்துகள் ஃபோலேட் சத்தின் செயல்பாட்டைக் குலைக்கக் கூடியவை.

பருப்பு வகைகள், கொண்டைக்கடலை, பச்சைப்பயறு, கீரைகள், நிலக்கடலை ஆகியவற்றில் ஃபோலேட் உள்ளது. ஆயினும், அது வெப்பத்தில் எளிதில் சிதைவது. நெடுநேரம் வேகவைத்து நீரை வடித்துக் கொட்டினால் பெரும்பகுதி வீணாகிவிடும். ஐசிஎம்ஆர்-தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் வெளியிட்ட பரிந்துரையின்படி, வளர்ந்த பெண்ணுக்கு நாளொன்றுக்கு 220 மைக்ரோகிராமாக உள்ள ஃபோலேட் தேவை, கர்ப்ப காலத்தில் 570 மைக்ரோகிராமாக உயர்கிறது. வழக்கமான வீட்டு உணவால் மட்டும் இந்த உயர்வை ஈடுகட்டுவது கடினம். மாத்திரையில் உள்ள ஃபோலிக் அமிலத்தை உடல் உணவு ஃபோலேட்டைக் காட்டிலும் நன்கு உறிஞ்சிக்கொள்கிறது என்பதும் கவனிக்கத்தக்கது.

மும்பையில் தொடங்கிய தேடல்

ஃபோலிக் அமிலத்தின் வரலாறு இந்தியக் கர்ப்பிணிகளிடமிருந்தே தொடங்குகிறது என்பது பலரும் அறியாத செய்தி. பிரிட்டனைச் சேர்ந்த மருத்துவ ஆய்வாளர் லூசி வில்ஸ், 1928-இல் அன்றைய பம்பாய்க்கு வந்தார். துணி ஆலைகளில் வேலை செய்த ஏழைக் கர்ப்பிணிகள் பலரை ஒருவகைக் கடும் ரத்தசோகை தாக்கிவந்தது. அவர்களின் சிவப்பணுக்கள் இயல்பைவிடப் பெரியனவாக இருந்தன. நோய்க்கிருமி எதுவும் காரணமாகத் தென்படாததால், லூசி வில்ஸின் கவனம் அவர்களின் உணவின் மீது திரும்பியது.

மும்பையை அடுத்து நீலகிரியில் உள்ள குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும், சென்னையில் இன்று கஸ்தூர்பா காந்தி மருத்துவமனையாக விளங்கும் மகளிர் மருத்துவமனையிலும் அவரது ஆய்வு தொடர்ந்தது. மலிவான ஈஸ்ட் சாறு இந்த ரத்தசோகையைக் குணப்படுத்துவதை அவர் 1931-இல் வெளியிட்டார். அதில் அடங்கிய பொருள் எது என்று தெரியாததால் நெடுநாள்கள் அது ‘வில்ஸ் காரணி’ என்றே வழங்கப்பட்டது. 1941-இல் அமெரிக்க விஞ்ஞானிகள் பசலைக்கீரையிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்து, இலையைக் குறிக்கும் லத்தீன் சொல்லை ஒட்டி அதற்கு ஃபோலிக் அமிலம் எனப் பெயரிட்டனர். அதே பத்தாண்டின் நடுப்பகுதியில் அதைச் செயற்கையாகத் தயாரித்துக் காட்டிய அமெரிக்க நிறுவனக் குழுவுக்குத் தலைமை வகித்தவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ்.

குன்னூரில் 1918-இல் ராபர்ட் மெக்காரிசன் ஓர் அறையில் தொடங்கிய பெரிபெரி நோய் ஆய்வுப் பிரிவுதான் பின்னாளில் வளர்ந்து, 1958-இல் ஹைதராபாதுக்கு இடம்பெயர்ந்து, தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாயிற்று. இன்று கர்ப்பிணிகளுக்கான ஊட்டச்சத்து அளவுகளை வகுத்துத் தருவது அந்நிறுவனமே.

சிவப்பு மாத்திரையை உட்கொள்ளும் முறை

2018-இல் தொடங்கப்பட்ட ‘ரத்தசோகை இல்லா பாரதம்’ திட்டத்தின்கீழ், கர்ப்பத்தின் நான்காம் மாதத்திலிருந்து நாள்தோறும் ஒரு சிவப்பு மாத்திரை வழங்கப்படுகிறது. அதில் 60 மில்லிகிராம் இரும்புச்சத்தும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உள்ளன. கர்ப்ப காலத்தில் குறைந்தது 180 நாள்கள், பிரசவத்துக்குப் பின் மேலும் 180 நாள்கள் இதை உட்கொள்ள வேண்டும். வளரிளம் பருவத்தினருக்கு வாரம் ஒரு நீல மாத்திரை. 5 முதல் 9 வயதுச் சிறாருக்கு வாரம் ஒரு இளஞ்சிவப்பு மாத்திரை. நிறம் பார்த்து அடையாளம் காண்பதற்காகவே இந்த வேறுபாடு.

கர்ப்பிணியின் ஹீமோகுளோபின் அளவு டெசிலிட்டருக்கு 11 கிராமுக்குக் கீழ் இருந்தால் அது ரத்தசோகை. 7 கிராமுக்குக் கீழ் சென்றால் கடுமையானது. மிதமான நிலை வரை நாள்தோறும் இரண்டு மாத்திரைகள் பரிந்துரைக்கப்படுகின்றன. மாத்திரை பலன் தராதபோதும், பிரசவ நாள் நெருங்கிய நிலையில் கண்டறியப்படும்போதும் இரும்புச்சத்தை நரம்பு வழியே செலுத்துவது உண்டு. 5 கிராமுக்குக் கீழ் என்றால் உடனடியாக மருத்துவமனையில் சேர்ப்பது கட்டாயம். பிரசவத்தின்போது ஏற்படும் ரத்தப்போக்கைத் தாங்கும் வலிமை அத்தகைய தாயின் உடலுக்கு இராது. மற்றவர்க்குச் சாதாரணமாகக் கடந்துபோகும் ரத்த இழப்பு அவர் உயிரையே பறிக்கக்கூடும்.

பெண்கள் மாத்திரையை இடையில் கைவிடுவதற்கான காரணங்கள் வெளிப்படையானவை. குமட்டல், மலச்சிக்கல், வயிற்று எரிச்சல் ஆகியன தொடக்க நாள்களில் பலருக்கு ஏற்படுகின்றன. மலம் கருநிறமாக வெளியேறுவதைக் கண்டு அஞ்சி நிறுத்துவோரும் உண்டு. உறிஞ்சப்படாத இரும்பு வெளியேறுவதால் ஏற்படும் இந்நிற மாற்றத்தில் தீங்கு ஏதுமில்லை. குழந்தை பெரிதாக வளர்ந்து பிரசவம் கடினமாகிவிடும், குழந்தையின் நிறம் கறுத்துவிடும் என்ற நம்பிக்கைகளும் பல வீடுகளில் மாத்திரைக்குக் குறுக்கே நிற்கின்றன. இவற்றுக்கு அறிவியல் ஆதாரம் கிடையாது. மாத்திரையைக் கொடுத்துப் பதிவேட்டில் குறித்துக்கொள்வதோடு நின்றுவிடாமல், இந்தப் பக்கவிளைவுகளை முன்கூட்டியே சொல்லி அனுப்பும் செவிலியர் இருக்கும் இடத்தில் பாதிப் பிரச்னை தீர்ந்துவிடும்.

உட்கொள்ளும் நேரமும் முக்கியமானது. உணவுக்கு இரண்டு மணி நேரத்துக்குப் பின் எடுத்துக்கொள்வது நல்லது. குமட்டல் மிகுந்தோர் இரவு உணவுக்குப் பிறகு எடுத்துக்கொண்டு உறங்கச் செல்லலாம். தேநீரும் காபியும் இரும்பு உறிஞ்சப்படுவதைத் தடுப்பவை. மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது அவற்றைத் தவிர்க்க வேண்டும். எலுமிச்சைச் சாறு, நெல்லிக்காய், கொய்யா போன்ற வைட்டமின் சி மிகுந்தவை உறிஞ்சுதலை அதிகரிக்கும்.

கர்ப்பத்தின் 14-ஆவது வாரத்திலிருந்து, நாளுக்கு இரு முறை, 500 மில்லிகிராம் கால்சியமும் 250 சர்வதேச அலகு வைட்டமின் டி3-யும் அடங்கிய மாத்திரையும் அரசுத் திட்டத்தில் வழங்கப்படுகிறது. இதையும் இரும்புச்சத்து மாத்திரையையும் ஒருசேர விழுங்குதல் கூடாது. கால்சியம் இரும்பைக் குடலில் உறிஞ்சவிடாது. இரண்டுக்கும் இடையே குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். கால்சியத்தை உணவோடு சேர்த்து உட்கொள்ளலாம்.

தலசீமியா போன்ற பரம்பரை ரத்தக் கோளாறு உள்ளோர் மருத்துவ ஆலோசனையின்றி இரும்புச்சத்து மாத்திரை எடுத்துக்கொள்ளக் கூடாது.

சைவ உணவும் பி12 பற்றாக்குறையும்

ஃபோலிக் அமிலத்தைப் பற்றிப் பேசப்படும் அளவுக்கு அதன் இணையான பி12 பற்றிப் பேசப்படுவதில்லை. இந்தியச் சூழலில் இது பெரும் குறை. தாவர உணவில் பி12 ஏறத்தாழ இல்லை எனலாம். இறைச்சி, மீன், முட்டை, பால், தயிர் ஆகியவையே அதன் இயற்கை ஆதாரங்கள். சைவம் உண்போர் மட்டுமின்றி, பாலும் முட்டையும் வாங்க வசதியற்ற ஏழைக் குடும்பத்தினரும் இதன் பற்றாக்குறைக்கு ஆளாகின்றனர்.

மகாராஷ்டிரத்தின் புணே நகருக்கு அருகேயுள்ள ஆறு கிராமங்களில் கே.இ.எம். மருத்துவமனையைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக் தலைமையிலான குழு 1993-இல் ஓர் ஆய்வைத் தொடங்கியது. கர்ப்பிணிகளின் உணவையும் ரத்தத்தையும் பதிவு செய்து, பிறந்த குழந்தைகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு அது. தாய்மார்களில் மூன்றில் இரு பங்கினருக்கு பி12 குறைவாக இருந்தது; ஃபோலேட் குறைபாடோ அநேகமாக எவருக்கும் இல்லை. குழந்தைகள் ஆறு வயதை எட்டியபோது மற்றொரு முடிவு வெளிப்பட்டது. பி12 குறைவாகவும் ஃபோலேட் மிகுந்தும் இருந்த தாய்மார்களின் குழந்தைகளிடம் இன்சுலின் எதிர்ப்பு மிக அதிகமாகக் காணப்பட்டது. இது பிற்காலத்தில் நீரிழிவுக்கு இட்டுச் செல்லக்கூடிய நிலை. 2008-இல் வெளியான இம்முடிவு, ஒரு வைட்டமினை மட்டும் ஏற்றிக்கொடுத்து அதன் இணையை மறந்துவிடுவது சரியா என்ற கேள்வியை எழுப்பியது.

இதனால் ஃபோலிக் அமில மாத்திரையை நிறுத்த வேண்டும் என்று பொருளல்ல. நரம்புக்குழல் குறைபாட்டிலிருந்து அது தரும் பாதுகாப்பு மறுக்க முடியாதது. பி12-ஐயும் உடன் கவனிக்க வேண்டும் என்பதே செய்தி. மிகுந்த ஃபோலிக் அமிலம் பி12 குறைபாட்டால் வரும் ரத்தசோகையை மறைத்துவிட, நரம்புப் பாதிப்பு மட்டும் உள்ளே தொடரும் ஆபத்தும் உண்டு. கை கால் மரத்துப்போதல், நாக்குப் புண், தீராத சோர்வு ஆகியவை இருந்தாலோ, இரும்புச்சத்து மாத்திரையை ஒழுங்காக உட்கொண்டும் ஹீமோகுளோபின் உயராவிட்டாலோ பி12 பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

தட்டில் இருக்க வேண்டியவை

தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதம் வெளியிட்ட இந்தியர்களுக்கான 17 உணவு வழிகாட்டுதல்களில், கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் கூடுதல் உணவும் கவனிப்பும் தர வேண்டும் என்பது ஒன்று. ‘இருவருக்காகச் சாப்பிட வேண்டும்’ என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. கூடுதலாகத் தேவைப்படுவது நாளுக்கு ஏறத்தாழ 350 கிலோகலோரி. புரதத் தேவைதான் கூர்மையாக உயர்கிறது: நடு மூன்று மாதங்களில் 9.5 கிராமும், கடைசி மூன்று மாதங்களில் 22 கிராமும் கூடுதலாக வேண்டும்.

ரத்தம் ஊறும் என்று பீட்ரூட்டையும் மாதுளையையும் மட்டும் நம்பியிருப்பது நாடெங்கும் காணப்படும் வழக்கம். அவற்றின் சிவப்புக்கும் ரத்தத்தின் சிவப்புக்கும் தொடர்பில்லை. 100 கிராம் பீட்ரூட்டில் உள்ள இரும்புச்சத்து 1 மில்லிகிராமுக்கும் குறைவு. கர்ப்பிணிக்கு நாளொன்றுக்குத் தேவைப்படுவதோ 27 மில்லிகிராம். இறைச்சி, மீன் ஆகியவற்றிலுள்ள இரும்பு உடலில் எளிதில் சேரும். பயறு, கீரை, தானியங்களில் உள்ள இரும்பு அவ்வளவு எளிதில் சேராது; அவற்றிலுள்ள பைட்டேட் என்ற பொருள் அதைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. பயறுகளை ஊறவைத்து முளைகட்டுவதும், மாவைப் புளிக்கவைப்பதும் பைட்டேட்டைக் குறைக்கும். முளைகட்டிய பயறில் எலுமிச்சை பிழிந்து உண்ணும் பழக்கம் இந்த வகையில் மிகச் சரியானது.

கால்சியத்துக்குக் கேழ்வரகை மிஞ்சிய தானியம் இல்லை. 100 கிராமில் ஏறத்தாழ 360 மில்லிகிராம் உள்ளது. அதே அளவு பாலில் உள்ளதைப் போல் இது மூன்று மடங்கு. எள், முருங்கைக்கீரை, சிறு மீன்களை முள்ளோடு உண்பது ஆகியனவும் உதவும். வைட்டமின் ஏ-வுக்கு மாம்பழம், பப்பாளி, கேரட், மஞ்சள் பூசணி, கீரைகள். பழுத்த பப்பாளியைக் கர்ப்பிணிகள் அறவே ஒதுக்குவதற்குக் காரணமில்லை. பால் வடியும் பப்பாளிக் காயைத் தவிர்ப்பதே எச்சரிக்கையாகச் சொல்லப்படுவது. வைட்டமின் சி-க்குக் கொய்யாவை விட மலிவானது ஏதுமில்லை: 100 கிராமில் 200 மில்லிகிராமுக்கு மேல் உள்ளது. கர்ப்பிணியின் ஒரு நாள் தேவையான 80 மில்லிகிராம், ஒரு சிறு பழத்திலேயே கிடைத்துவிடும்.

அரிசியைப் பலமுறை கழுவுவதும் கஞ்சியை வடித்துக் கொட்டுவதும் தயமின் உள்ளிட்ட பி வைட்டமின்களை வெளியேற்றிவிடும். நெல்லை அவித்து உலர்த்திய புழுங்கலரிசியில் தவிட்டிலுள்ள வைட்டமின் அரிசிக்குள்ளேயே இறங்கித் தங்கிவிடுகிறது. அன்றைய சென்னை மாகாணத்தில், தீட்டிய பச்சரிசி உண்ட வட சர்க்கார் கடலோர மாவட்டங்களில் பெரிபெரி பரவலாக இருக்க, புழுங்கலரிசி உண்ட தென் மாவட்டங்கள் பெருமளவு தப்பியதற்கு இதுவே காரணம்.

வைட்டமின் டி மட்டும் உணவில் அரிதாகவே கிடைக்கிறது. முட்டையின் மஞ்சள் கருவும் கொழுப்பு மிகுந்த மீன்களும் ஓரளவு தரும். மற்றபடி தோலில் வெயில் பட்டே அது உருவாக வேண்டும். வெயில் மிகுந்த இந்நாட்டிலும் இதன் பற்றாக்குறை பரவலாக இருப்பதற்கு, வீட்டுக்குள்ளேயே கழியும் பகல்களும் உடலை முழுதும் மூடும் உடையும் நகரங்களின் மாசும் காரணங்களாகச் சுட்டப்படுகின்றன. உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் நீல நிற ‘எஃப்’ முத்திரையுள்ள பால், சமையல் எண்ணெய் ஆகியவற்றில் ஏ, டி வைட்டமின்கள் சேர்க்கப்பட்டுள்ளன. அதே முத்திரை கொண்ட அரிசியில் சேர்க்கப்படுபவை இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12.

மிகுந்தால் தீங்கு

நீரில் கரையும் பி, சி வைட்டமின்களின் மிகை பெரும்பாலும் சிறுநீரோடு வெளியேறிவிடும். கொழுப்பில் கரையும் ஏ, டி ஆகியவை உடலில் தேங்குபவை. இவற்றுள் கர்ப்பிணிக்கு மிக ஆபத்தானது மாத்திரை வடிவிலான வைட்டமின் ஏ. நாளொன்றுக்கு 10,000 சர்வதேச அலகைத் தாண்டினால், குறிப்பாக முதல் மாதங்களில், கருவின் உறுப்புகள் சிதையும் வாய்ப்பு உண்டு. முகப்பருவுக்குத் தரப்படும் ஐசோட்ரெடினாய்ன் மருந்தும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது; கருத்தரிக்க வாய்ப்புள்ள பெண்கள் அதை மருத்துவக் கண்காணிப்பின்றி உட்கொள்ளவே கூடாது. காய், பழங்களில் உள்ள பீட்டா கரோட்டினை உடல் தேவைக்கேற்ப மட்டுமே வைட்டமின் ஏ-வாக மாற்றிக்கொள்வதால், அதில் இந்த அச்சம் இல்லை. ரத்தசோகைக்கு நல்லது என்று ஆட்டு ஈரல் தரும் வழக்கம் உள்ள வீடுகள் கவனிக்க வேண்டியது: ஈரலில் இரும்பும் பி12-உம் செறிந்திருப்பது உண்மையே. ஆனால், வைட்டமின் ஏ-வும் அவ்வாறே செறிந்துள்ளது. இதனாலேயே பிரிட்டன் தேசிய சுகாதார சேவை, கர்ப்பிணிகள் ஈரலைத் தவிர்க்குமாறு அறிவுறுத்துகிறது.

ஏ முதல் இசட் வரை அனைத்தும் அடங்கியதாக விற்கப்படும் சத்து மாத்திரைகளை அரசு மாத்திரையுடன் சேர்த்து உட்கொள்ளும்போது ஒரே வைட்டமின் இரு முறை உள்ளே போகிறது. எனவே, வீட்டில் உள்ள எல்லா மாத்திரைப் பட்டைகளையும் பரிசோதனைக்குச் செல்லும்போது எடுத்துச் சென்று காட்டுவது பயன் தரும். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி, ஊட்டச்சத்துத் துணைப்பொருளாக விற்கப்படுபவற்றின் மேலுறையில் ‘மருந்துப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்று அச்சிடப்பட்டிருக்க வேண்டும். அத்தகைய பொருள் மருத்துவர் எழுதித் தரும் மாத்திரைக்கு மாற்றாகாது.

உலக சுகாதார அமைப்பின் கர்ப்பகாலப் பரிந்துரைகளில், இரும்பும் ஃபோலிக் அமிலமும் அனைவருக்கும் உரியவை. கால்சியம், உணவில் அது குறைந்த நாட்டு மக்களுக்கு. வைட்டமின் ஏ, மாலைக்கண் போன்ற கடும் குறைபாடு நிலவும் பகுதிகளுக்கு மட்டும். வைட்டமின் பி6, சி, இ ஆகியவற்றைத் தனி மாத்திரையாக எல்லோருக்கும் தருவதை அவ்வமைப்பு பரிந்துரைக்கவில்லை. 15 நுண்சத்துகள் அடங்கிய கூட்டு மாத்திரையை ஆய்வுச் சூழலில் பயன்படுத்தலாம் என 2020-இல் கூறிய அவ்வமைப்பு, 2021-இல் அதை அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்தது. அதில் பி12 உண்டு. இரும்புச்சத்து 30 மில்லிகிராம், அதாவது இந்தியாவின் சிவப்பு மாத்திரையில் பாதி.

பிரசவத்துக்குப் பின்

குழந்தை பிறந்ததும் தாயின் மாத்திரைகள் அலமாரிக்குப் போய்விடுவதே வழக்கமாக உள்ளது. தாய்ப்பால் வழியே குழந்தைக்குச் சேரும் பி12, தாயின் உடலில் இருப்பதைப் பொறுத்ததே. பி12 குறைந்த தாயிடம் நெடுநாள்கள் தாய்ப்பால் மட்டுமே குடித்து வளரும் குழந்தைகளுக்கு, ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வயதுக்குள் வளர்ச்சி பின்னோக்கிச் செல்வதும், கை கால்களில் நடுக்கம் ஏற்படுவதும், தோல் கறுத்து முடி மங்குவதும் இந்திய மருத்துவமனைகளில் காணப்படுகின்றன. சிரித்துக்கொண்டிருந்த குழந்தை முகம் பார்ப்பதையே நிறுத்திவிடும் இந்நோயைத் தொடக்கத்திலேயே கண்டறிந்து பி12 கொடுத்தால் தேற்ற முடியும். இதற்காகத் தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை; தாய்க்கும் சேர்த்துச் சிகிச்சை அளிக்கப்படும்.

தாய்ப்பாலில் குறைவாக உள்ள மற்ற இரண்டு, வைட்டமின் கே-வும் டி-யும். ரத்தக்கசிவைத் தடுப்பதற்காகப் பிறந்தவுடன் குழந்தைக்கு வைட்டமின் கே ஊசி ஒரு முறை போடப்படுகிறது. வைட்டமின் டி சொட்டு மருந்து நாளுக்கு 400 சர்வதேச அலகு வீதம், பிறந்ததிலிருந்து ஓராண்டு வரை தருமாறு குழந்தைகள் நல மருத்துவர்கள் பரிந்துரைக்கின்றனர்.

பிரதமரின் பாதுகாப்பான தாய்மைத் திட்டத்தின்கீழ், ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி அரசு மருத்துவ நிலையங்களில் கர்ப்பிணிகளுக்கு ஹீமோகுளோபின் அளவு உள்ளிட்ட பரிசோதனைகள் கட்டணமின்றிச் செய்யப்படுகின்றன. அங்கன்வாடிகளில் பதிவு செய்துகொண்ட கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் துணை உணவு வழங்கப்பட வேண்டும் என்பது தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் அளிக்கும் உரிமை.